பனிமலைக்கு எங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலையில் இருந்துகொண்டு இமயமலைப் பயணங்களுக்கு ஆள் சேர்க்கும் ஏற்பாட்டாளர்கள் அனைவருக்கும்,

அடுத்த மாசி மாதம் நேபாளத்தின் அன்னபூர்ணா அடிவார முகாமுக்குப் பயணம் என்று மறுபடியும் விளம்பரம் போட்டிருக்கிறீர்கள். "முன் அனுபவம் தேவையில்லை. சிவனொளிபாதமலை ஏறியவர்கள் தாராளமாக வரலாம். முகாமை அடைவது உறுதி." இதே வரிகளைப் போன முறையும் வாசித்தேன். காசு கட்டி, உங்களில் ஒரு குழுவோடு போய்வந்தேன். வந்த பிறகு அங்கே நடந்ததை விவரமாக எழுதி அந்தக் குழுவுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. அதே நாள்கணக்கோடும் அதே நிபந்தனைகளோடும் புது விளம்பரம்தான் வந்திருக்கிறது. இனித் தனியாக எழுதிப் பயனில்லை என்பதால் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். அந்தக் குழுவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. உங்களில் மற்றவர்களின் பயணத் திட்டங்களையும் வாங்கிப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆகவே இது உங்கள் எல்லோருக்குமான மடல்.

பனிமலைக்குப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடல் மட்டத்தில் பிறந்து வெயிலில் வளர்ந்த எங்களுக்கு அந்த மலைகளைப் பார்க்க ஆசை வருவதில் ஒரு பிழையும் இல்லை. கோணேசர் கோயிலைத் தட்சிண கைலாயம் என்று சொல்லக் கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு வடக்கே இருக்கும் இமயத்தின் மேல் ஈர்ப்பு இருக்கத்தான் செய்யும். சோம்ரோங் கிராமத்தில் நின்று மச்சபுச்சரே சிகரத்தில் காலை வெயில் ஏறுவதை நானும் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் அதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். பார்த்துவிட்டுப் பத்து விரலோடும் வீடு வந்து சேர வேண்டும் என்பதும் சேர்த்து.

சிவனொளிபாதமலையை நீங்கள் உதாரணம் காட்டுவது எவ்வளவு தவறு என்று முதலில் பார்ப்போம். அதன் உயரம் 2243 மீற்றர். இரவில் ஏறி, சூரிய உதயம் பார்த்து, பகலுக்குள் இறங்கிவிடலாம். பருவகாலத்தில் வழி நெடுக விளக்கும் தேநீர்க் கடையும் இருக்கும். அன்னபூர்ணா அடிவார முகாம் 4130 மீற்றர். எங்கள் நாட்டிலேயே உயர்ந்த பிதுருதலாகலைகூட 2524 மீற்றர்தான். இலங்கையில் எந்த மலையில் ஏறிப் பழகினாலும் கால் பழகுமே தவிர, அந்த உயரத்துக் காற்றுக்கு உடம்பு பழகாது. 4000 மீற்றருக்கு மேல் காற்றமுக்கம் கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட 60 வீதம்தான். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். பனியைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். தை, மாசியில் நுவரெலியாப் புல்வெளியில் விடியற்காலை படிகிற உறைபனிக்கு மேல் நாங்கள் எதைக் கண்டோம்?

அடுத்தது உங்கள் நாள்கணக்கு. பம்பூ என்ற இடத்தில் ஒரு இரவு, உயரம் 2310 மீற்றர். அடுத்த இரவு தேவராலியில், 3200 மீற்றருக்குச் சற்று மேல். அதற்கடுத்த இரவு நேராக அடிவார முகாமில், 4130 மீற்றரில். மலை மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லும் அடிப்படை விதி ஒன்று இருக்கிறது: 3000 மீற்றருக்கு மேல் போனபின், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். உங்கள் திட்டத்தில் ஒரே நாளில் 900 மீற்றர் கூடுகிறது. தேவராலிக்கும் அடிவார முகாமுக்கும் நடுவில், 3700 மீற்றரில், மச்சபுச்சரே அடிவார முகாம் இருக்கிறது. தங்க விடுதியும் இருக்கிறது. அங்கே ஒரு இரவு தங்கினாலே கணக்கு ஏறக்குறையச் சரியாகிவிடும். அந்த ஒரு இரவைத்தான் நீங்கள் வெட்டியிருக்கிறீர்கள். ஒரு நாள் கூடினால் தலைக்கு இவ்வளவு செலவு கூடும், விளம்பரத்தில் போடும் விலை ஏறும், பக்கத்துக் குழு மலிவாகத் தெரியும். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. இருந்தால் சொல்லுங்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

தேவராலியில் அன்று இரவு, எங்களோடு வந்த ஒரு தம்பிக்குத் தலையிடி. நல்ல உடற்கட்டு, பந்து விளையாடுகிற பெடியன். இராச்சாப்பாட்டைத் தொடவில்லை, சத்தியும் எடுத்தான். குழுத் தலைவரிடம் போய்ச் சொன்னோம். "பனடோல் இரண்டைப் போட்டிட்டுப் படு தம்பி, காலமை சரியாகிடும்" என்றார். அந்த உயரத்தில் தலையிடியும் சத்தியும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் நிச்சயமாகத் தெரியும்வரை அது உயர நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். குணமாகும்வரை மேலே ஏறக் கூடாது. கூடினால் உடனே இறக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். பனடோல் தலையிடியைத்தான் மறைக்கும், நோயை மாற்றாது. இதெல்லாம் ரகசியம் இல்லை. மலைக்கு ஆள் கூட்டிப்போகும் எவரும் முதல் நாளே படித்திருக்க வேண்டிய பாடம்.

இரவு முழுக்கப் பனி கொட்டியது. விடியும்போது விடுதிப் படிகள் தெரியவில்லை. முற்றத்தில் இறங்கினால் முழங்கால் வரை புதைந்தது. எங்கள் நேபாள வழிகாட்டி வானத்தையும் மேற்குப் பக்கச் சரிவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வேண்டாம், ஒரு நாள் நின்று பார்ப்போம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தேவராலியை ஒட்டிய பாதைக்கு மேலே ஹியுஞ்சுலி மலையின் சரிவுகள் இருக்கின்றன. மேலே பனி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பாதையில் நடப்பவருக்குத் தெரியாது. பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகை வரையான சாய்வுகளில்தான் உடைகின்றன. புதிதாகப் பனி கொட்டும்போதும் கொட்டி முடிந்த முதல் நாளிலும் ஆபத்து மிக அதிகம். போவதென்றால் வெயில் ஏறுவதற்கு முன் கடந்துவிட வேண்டும் என்று விடுதிக்காரரும் சொன்னார்.

உங்கள் தலைவர் சொன்னது: "இண்டைக்கு நிண்டா பிளைட் போயிடும்." இந்த வாக்குவாதம் முடிந்து நாங்கள் புறப்படும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது.

18 பேர். வழிகாட்டி ஒருவர். 2023 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டவர் அந்தப் பாதைகளில் வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்று நேபாளம் விதி போட்டிருக்கிறது. அந்த விதிக்காக ஒருவரைப் பிடித்துக்கொண்டது போலத்தான் இருந்தது. "குளிருக்கான பொருட்கள் வழங்கப்படும்" என்றீர்கள். மலைக்குப் போகும் வழியில் உள்ள பொக்காரா நகரத்தில் ஆளுக்கொரு ஜக்கெட்டும் ஒரு ஊன்றுகோலும் கிடைத்தது. சப்பாத்துக்குக் கீழே மாட்டும் இரும்புப் பற்கள் சில சோடிதான் இருந்தன. முன்னால் போகிறவர்களுக்குக் கொடுத்தார்கள். டெனிம் காற்சட்டையோடு வந்தவர்கள் இருந்தார்கள். பருத்தித் துணி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. திருகோணமலையில் புறப்படும் முன் ஒருவர்கூட எங்கள் பைகளைத் திறந்து பார்க்கவில்லை.

தேவராலிக்கு மேலே ஓரிடத்தில் அந்தத் தம்பி குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டப் பார்த்தான். நாடா உறைந்து விறைத்திருந்தது. கம்பளிக் கையுறை நனைந்து, மேலே பனி கட்டியாக ஒட்டிக்கிடந்தது. கையுறையைக் கழற்றினான். விரல் நுனிகள் வெளிறி மெழுகு நிறத்தில் இருந்தன. நாடாவின் முனைகளை எடுத்தான். எடுத்தது விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் பிடித்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டான். இழுத்தான், நழுவியது. மறுபடி எடுத்தான், மறுபடி நழுவியது. அப்புறம் கட்டாமலே எழுந்து நின்று, "அக்கா, இப்ப குளிரேல்லை" என்றான். அதுவரை வெடவெடத்துக்கொண்டு வந்தவன். நடுக்கம் நின்றுபோயிருந்தது. நாக்கும் குழறியது.

குளிரில் நடுங்குகிறவன் நடுக்கம் நின்று, குளிரவில்லை என்று சொன்னால் அது நல்ல செய்தி இல்லை. சூட்டை உண்டாக்கும் வேலையை உடம்பு கைவிடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடம்பின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனாலே ஆபத்து ஆரம்பம். நடுக்கம் நிற்பது அதையும் தாண்டிய நிலை. தடுமாற்றம், குழறல், கை வேலை பிசகுவது எல்லாம் அதன் அடையாளங்கள். எங்களில் யாருக்கும் இதைச் சொல்லித் தரவில்லை. வழிகாட்டிக்குத் தெரிந்திருந்தது. அவர் முதுகுப் பையை இறக்கி வைத்து, தன் உலர்ந்த கையுறையை அவனுக்கு மாட்டி, நனைந்ததைக் கழற்றித் தன் மேலங்கியைப் போர்த்தி, பிளாஸ்கில் இருந்த சீனித் தேநீரை மெல்ல மெல்லக் குடிக்க வைத்தார். ஒருவர் பனியை அள்ளி விரலில் தேய்க்கப் போனார். வழிகாட்டி அந்தக் கையைத் தட்டிவிட்டார். உறைந்த விரலைத் தேய்த்தால் தசை கிழியும். பிறகு, இவரை நான் கீழே கொண்டுபோகிறேன் என்றார்.

"இன்னும் கொஞ்சத் தூரம்தான். மேலே போனா அறையும் அடுப்பும் இருக்கு." உங்கள் தலைவர் இப்படிச் சொன்னதை என் காதால் கேட்டேன்.

வழிகாட்டி அசையவில்லை. நானும் இன்னும் சிலரும் அவரோடு இறங்கினோம். மற்றவர்கள் வழிகாட்டி இல்லாமல், புதுப்பனி ஏறிக்கிடந்த சரிவுகளுக்குக் கீழே, தலைவரின் பின்னால் மேலே போனார்கள். அவர்கள் பத்திரமாக வந்து சேர்ந்தது அன்று சரிவு உடையாததால்தான். அதில் உங்கள் திட்டத்துக்கு ஒரு பங்கும் இல்லை.

அந்தத் தம்பியின் விரல்களில் கொப்புளம் போட்டது. பொக்காராவில் மருந்து கட்டி, ஊருக்கு வந்தும் வைத்தியம் நடந்தது. இரண்டு விரல் நுனிகளில் இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை. அவனுடைய தாய் என்னிடம் கேட்டார்: "இதுகளை முதலே சொல்லியிருந்தா, நல்ல கையுறை ஒண்டாவது வாங்கிக் குடுத்திருப்பன்தானே பிள்ளை?" நான் என்ன சொல்ல? அதற்குப் பிறகு பில் வந்தது. அவனை இறக்கியதற்கான கூலி, மேலதிக அறை, ஜீப் எல்லாம் அவன் கணக்கில். அதே வாரம் உங்கள் பக்கத்தில், பதாகையோடு எடுத்த படத்தின் கீழே "அனைவரும் வெற்றிகரமாக முகாமை அடைந்தனர்" என்று போட்டீர்கள்.

எல்லாவற்றுக்கும் வேர் உங்கள் நிபந்தனைப் படிவத்தில் இருக்கிறது என்பது என் முடிவு. "இடைவழியில் திரும்புவோர் மேலதிகச் செலவைத் தாமே ஏற்க வேண்டும். கட்டணம் மீளளிக்கப்படாது." அவன் சீட்டு எடுத்த காசில் வந்தவன். தலையிடி முதல் நாளே தொடங்கியதாம். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், காசு போய்விடும் என்று மறைத்ததாகப் பிறகு சொன்னான். உபரி நாள் இல்லாத திட்டம், திரும்பினால் தண்டம் என்ற நிபந்தனை, அடைவது உறுதி என்ற விளம்பரம். இந்த மூன்றும் சேர்ந்தால் வருத்தக்காரன் வருத்தத்தை மறைப்பான், தலைவர் வானத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்ப்பார். தலைவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. நல்லவரையும் இந்தத் திட்டம் அப்படித்தான் நடக்க வைக்கும்.

ஒருவனின் விரல் நுனியோடு முடிந்ததால் இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். 2020 ஜனவரி 17ஆம் தேதி, இதே தேவராலிப் பக்கத்தில் விழுந்த பனிச்சரிவில் தென்கொரியாவில் இருந்து வந்த 4 பேரும் 3 நேபாளிகளும் புதைந்துபோனார்கள். உடல்களைக் கண்டெடுக்க மாதக்கணக்கானது. 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில், கர்நாடகாவில் இருந்து போன ஒரு குழு பனிப்புயலில் மாட்டி 9 பேர் இறந்தார்கள். 2014 ஒக்டோபரில் நடந்தது எங்களுக்கு இன்னும் கிட்டத்தில் வர வேண்டிய செய்தி. எங்கள் வங்காள விரிகுடாவில் எழுந்த ஹுட்ஹுட் புயல் 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையேறியது. அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டு நாளில் அன்னபூர்ணாச் சுற்றுப்பாதையின் தொரோங் லா கணவாயில், 5416 மீற்றர் உயரத்தில், பனியாகக் கொட்டியது. அந்தப் புயற்பனியிலும் சரிவுகளிலும் அப்பகுதியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒவ்வொரு வருடமும் ஐப்பசி கார்த்திகையில் நாங்கள் வானொலியில் காது வைத்துக் கேட்கும் அதே கடலின் தாழமுக்கம் அது.

இந்த ஊரில் இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாடைக் காலத்தில் கடல் பொங்கினால் வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைப்பவனை இங்கே யாரும் கோழை என்று சொன்னதில்லை. வலை விரிக்காத நாளுக்குத் தண்டம் கட்டு என்று வள்ளமும் வலையும் வைத்திருக்கும் எந்தச் சம்மாட்டி கேட்டாலும் ஊர் சும்மா இருக்காது.

மலையிலும் அப்படித்தான். 2016 மே 21ஆம் தேதி ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையர் ஆனார். அதே பயணத்தில் அவரோடு போன ஜொஹான் பீரிஸ் சுமார் 8400 மீற்றரில், ஒட்சிசன் சிக்கலால் திரும்பிவிட்டார். உச்சி கண்ணில் பட்ட தூரம். 2018 மே மாதம் மறுபடி போய் ஏறினார். முதல் முறை திரும்பியதால்தான் இரண்டாம் முறை அவரால் போக முடிந்தது. உங்கள் விளம்பரத்தில் போடுவதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

மாசிப் பயணத்தின் நாள்கணக்கை மாற்றுங்கள். மச்சபுச்சரே அடிவார முகாமில் ஒரு இரவைச் சேருங்கள். வானிலைக்கென்று இரண்டு உபரி நாட்களை வையுங்கள். திகதி மாற்றக்கூடிய விமானச் சீட்டை எடுங்கள். விலை ஏறும் என்றால் ஏறட்டும், ஏன் ஏறியது என்று எழுதிப் போடுங்கள். மக்களுக்குப் புரியும்.

மலையில் வழிகாட்டி சொல்வதே இறுதி முடிவு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குழுத் தலைவர் அதை மீற முடியாது என்றும் எழுதுங்கள். ஒருவர் வருத்தக்காரரோடு இறங்கினாலும் மற்றவர்களோடு இன்னொருவர் நிற்கும்படி, எந்தக் குழுவுக்கும் இரண்டு வழிகாட்டிகளுக்குக் குறையாமல் அமர்த்துங்கள்.

திரும்பி வருவோர் செலவை ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். அந்தச் செலவை எல்லோருடைய கட்டணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பொது ஒதுக்கமாக வைக்கலாம். "உறுதி", "முன் அனுபவம் தேவையில்லை" என்ற சொற்களையும் விளம்பரத்தில் இருந்து நீக்குங்கள். போன பயணத்தில் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் இடையில் திரும்பினார்கள் என்று உண்மையைப் போடுங்கள்.

புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே, பெற்றோரையும் கூப்பிட்டு, தமிழில் ஒரு நாள் வகுப்பு வையுங்கள். உயர நோய், குளிர் நோய், பனிச்சரிவு மூன்றையும் ஒரு வைத்தியரையும் அனுபவமுள்ள மலையேறி ஒருவரையும் கொண்டு விளக்குங்கள். உயரத்துக்கு உடம்பு பழக உதவும் மருந்து யாருக்கு ஏற்றது, யாருக்கு ஒவ்வாது என்பதை அந்த வைத்தியரே சொல்லட்டும். அன்றைக்கே ஒவ்வொருவரின் பையையும் திறந்து பாருங்கள். நீர் புகாத சப்பாத்து, கறுப்புக் கண்ணாடி, மேலதிகமாக ஒரு சோடி உலர்ந்த கையுறை, இரும்புப் பற்கள் ஆளுக்கொன்று. இவை இல்லாதவரைப் பனிக்காலத்தில் கூட்டிப்போகாதீர்கள். சாதாரணப் பயணக் காப்புறுதிகளில் பல குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடப்பதை ஏற்பதில்லை. உங்கள் காப்புறுதி 4130 மீற்றருக்கும் உலங்கு வானூர்தி மீட்புக்கும் செல்லுமா என்பதைப் பத்திரத்தோடு காட்டுங்கள்.

என்னைக் கூட்டிப்போன குழுவிடம் தனியாக: அந்தத் தம்பியிடம் வாங்கிய மேலதிகப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். வைத்தியச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். "அனைவரும் முகாமை அடைந்தனர்" என்ற பதிவைத் திருத்துங்கள். அவனை இறக்கிக் கொண்டுவந்த வழிகாட்டிக்குப் பேசிய சம்பளத்தில் ஏதாவது பிடித்திருந்தால் அதையும் அனுப்பி வையுங்கள்.

இந்த மாற்றங்களை எழுத்தில் வெளியிடும்வரை மாசிப் பயணத்துக்கு ஒருவரிடமும் முற்பணம் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், விலக விரும்புவோருக்கு முழுத் தொகையையும் திருப்பிக் கொடுங்கள்.

உங்களோடு பயணம் செய்த ஒருத்தி,
திருகோணமலை